முப்பத்தெட்டு நோட்டுகளில் ஒரு விபத்து

மொத்தம் பத்தொன்பது நாள். பிப்ரவரி பதினொன்று திங்கட்கிழமை தொடங்கி மார்ச் முதல் தேதி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்று தலைமையாசிரியர் வெள்ளைத்துரை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். இங்கிலீஷ் வாத்தியார் துளசிராம் மெடிக்கல் லீவில் இருக்கிறார். அவர் திரும்பும்வரை பதினோராம் வகுப்புக்குச் சூடாமணி இங்கிலீஷ் எடுக்க வேண்டும். வருஷம் எழுபத்து நான்கு. மார்ச் கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை.

சூடாமணி படித்தது பௌதிகம். பி.டி. முடித்து எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். இங்கிலீஷ் எடுப்பதைவிட, நாற்பது பேருக்கு முன்னால் வாயைத் திறப்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. காலேஜில் செய்முறைத் தேர்வுக்கு வந்த வெளி ஆசிரியர் இரண்டு முறை காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பதிலைத் தாளில் எழுதிக் காட்டும்மா என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட குரல்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது துளசிராம் சாரேதான். மதுரையில் மஹாலுக்குப் பின்னால் அவர் வீடு இவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அவரும் சௌராஷ்டிரர், விசேஷங்களில் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். அவரே படியேறி வந்து அவள் அப்பாவிடம் கேட்டார். சயின்ஸ் படித்த பெண் எப்படி என்று அப்பா தயங்கியதற்கு, கவனமாகப் படிக்கிற ஆள் இருந்தால் போதும் என்று பதில் சொன்னாராம்.

பள்ளிக்கூடத்துக்குச் செக்கானூரணி தாண்டி இறங்க வேண்டும். முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தச் சத்தம் கேட்டது. முப்பது நாற்பது குரல்கள் ஒன்றாக, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, மூச்சு விடும் இடம்கூட ஒன்றாக. பருத்திச் செடி காய்ந்து நின்ற கரிசல் காட்டின் மேல் அது ஓடி வந்தது. என்ன மொழி என்று பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தின் கேட்டை நெருங்கிய பிறகுதான் இங்கிலீஷ் என்று தெரிந்தது.

கேட்டின் ஓரத்தில் ஒரு பெண் சாக்கை விரித்து, வேகவைத்த சீனிக்கிழங்கும் கொய்யாவும் விற்றுக்கொண்டிருந்தாள். பெயர் ஒச்சாயி. கேட்டுக்கு நேரே பத்தடியில் பதினோராம் வகுப்பு அறை. சத்தம் வந்துகொண்டிருந்த ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி வைத்திருந்தாள்.

"புது டீச்சரா? போங்க, போங்க. பிள்ளைக பாடுதுக. எனக்கு ஒண்ணும் புரியாது. ஆனா தெனமும் கேக்குறேன். கேக்க நல்லாத்தான் இருக்கு."

வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். ஒப்பித்து முடித்ததும் எழுந்து நின்றார்கள். அது என்ன என்று சூடாமணி கேட்டது முதல் பெஞ்சுக்கு மட்டும் கேட்டது. முதல் பெஞ்சில் இருந்த நல்லகாமன் பின்னால் திரும்பி அவள் கேள்வியை உரக்கச் சொல்லிவிட்டு, அவனே பதிலும் சொன்னான்.

"காம்போசிஷன் டீச்சர். நான் கண்ட விபத்து. பரீட்சைக்கு இதான் வருமாம். துளசிராம் சார் எழுதிப் போட்டாரு. தூக்கத்துல தட்டி எழுப்பினாலும் சொல்லுவோம்."

அர்த்தம் தெரியுமா என்று கேட்டாள்.

"அர்த்தத்துக்கெல்லாம் மார்க் கிடையாதே, டீச்சர்."

வகுப்பு சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவளும் அப்படிப் படித்தவள்தானே. எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் நடப்பதுதான். இங்கிலீஷ் இரண்டாம் தாளில் ஒரு காம்போசிஷன் வரும். வாத்தியார் நான்கைந்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். பிள்ளைகள் நெட்டுருப் போடும். ஊட்டியைப் பார்க்காத பிள்ளை, நான் சென்ற மே மாதம் ஊட்டிக்குப் போனேன் என்று எழுதும். தறிக்காரர் மகள் என் தந்தை ஒரு டாக்டர் என்று எழுதுவாள். அந்த 'நான்' யாரும் இல்லை. அதற்கு ஊரும் இல்லை, வீடும் இல்லை.

குரல் கொடுத்து மற்றவர்களை ஒப்பிக்க வைத்தவள் மூன்றாம் பெஞ்சில் ஓரத்தில் இருந்த பெண். மெலிந்த உடம்பு. எண்ணெய் வைக்காத தலை. மாயக்காள் என்று பெயர் சொன்னாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

மத்தியானம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டு வருகிறோம் என்று நின்றார்கள். அங்கே வழக்கம் அது. வாத்தியாருடைய பாத்திரம் யார் கைக்குப் போகிறது என்பதில் பிள்ளைகளுக்குள் போட்டி. மிச்சம் மீதி இருந்தால் தின்னலாம். துளசிராம் சார் கேரியருக்குத்தான் கிராக்கி அதிகமாம். அதில் புளியோதரை இருக்கும். ஆனால் ஆறேழு மாதமாக அவர் சாப்பாடே கொண்டுவருவதில்லை என்று குறைப்பட்டார்கள். சூடாமணி தன் டப்பாவைக் கொடுக்கக் கூச்சப்பட்டு, புதிதாகப் போட்டிருந்த குழாயடியில் தானே கழுவிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் முப்பத்தெட்டு நோட்டுகளையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சிவப்பு மையால் திருத்த உட்கார்ந்தாள். ஒவ்வொரு நோட்டிலும் கரும்பலகையைப் பார்த்து எழுதியதில் ஒவ்வொரு பிழை. ஒருவன் ஒரு வரியை விட்டிருந்தான். இன்னொருத்தி ஒரு வரியை இரண்டு முறை எழுதியிருந்தாள். சோதனைச்சாலையில் ஒரே அளவைப் பத்து முறை எடுத்துப் பிழையைக் கழிப்பதுபோல, நோட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்து, கரும்பலகையில் இருந்தது என்ன என்பதைத் தன் தாளில் எழுதினாள். பிறகு அதைத் தமிழில் மனதுக்குள் படித்தாள்:

அன்று வெள்ளிக்கிழமை. பகல் மணி அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. நான் ஒரு சிறுவனைக் கிணற்றுக்கு அனுப்பினேன். அவன் ஓடினான். அவன் நெடுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். படியில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. தண்ணீர் அசையாமல் இருந்தது. நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டேன். நான் யாரையும் கூப்பிடவில்லை. மணி அடித்தது. நான் வகுப்புக்குப் போனேன்.

அவ்வளவுதான்.

கைடுகளில் வருகிற விபத்து அவளுக்குத் தெரியும். லாரி வரும், சைக்கிள்காரர் விழுவார், கூட்டம் கூடும், போலீஸ் வரும், கடைசியில் சாலையில் கவனமாகச் செல்ல வேண்டும் என்று ஒரு புத்திமதி வரும். இதில் புத்திமதி இல்லை. வீட்டுத் தறியின் சத்தம் அடங்கிய பிறகும் அவளுக்கு அந்தக் கடைசி வரிகள் காதில் கேட்டுக்கொண்டிருந்தன, பிள்ளைகளின் குரலில், மூச்சு விடும் இடத்தோடு.

இரண்டு நாள் கழித்து ஒச்சாயியிடமிருந்தே தெரிந்தது. சூடாமணி ஒரு கொய்யா வாங்கப் போய் நின்றபோது, மாயக்காள் கேட்டைத் தாண்டி உள்ளே போனாள். ஒச்சாயியைப் பார்க்கவில்லை. ஒச்சாயியும் நிமிரவில்லை. இருவருக்கும் ஒரே முகஜாடை. அவள் உங்கள் மகளா என்று கேட்டதற்கு ஒச்சாயி கொய்யாவைத் துடைத்துக்கொண்டே பேசினாள். இவளுக்குத் தம்பி ஒருவன் இருந்தான். வீரணன். ஆறாம் வகுப்பு. பகல் மணி அடித்ததும் இரண்டு பேரும் கேட்டுக்கு வந்து தூக்குவாளிச் சோறு தின்பார்கள். போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை இவள் எழுத்து வேலை முடியவில்லை என்று, நீ போடா நான் வாரேன் என்று தம்பியைத் தனியாக அனுப்பிவிட்டாள். அவன் கேட்டுக்கு வரவேயில்லை. சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட வந்த ஆள் கிணற்றில் பார்த்தான்.

"கூட்டிட்டு வந்திருந்தா வந்திருப்பான்ல. இங்கன பத்தடி டீச்சர். நான் சோத்தப் பிசைஞ்சு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்." கொய்யாவை நீட்டினாள். "அவுக அப்பன் அன்னைக்கு நிப்பாட்டினதுதான் இவகூடப் பேச்சு. நானும் சோறு போடுறேன். மொகத்தப் பாக்க முடியல."

அந்தக் கொய்யாவைச் சூடாமணி தின்னவில்லை. பகல் மணி அடித்ததும் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் நடந்தாள். தோட்டத்து வரப்பின் ஓரம் கிணறு. சுவர் கிடையாது, இறங்கக் கற்படி. விபத்துக்குப் பிறகு சுற்றிலும் கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். முள்ளுக்கு இந்தப் பக்கம் மாயக்காள் சம்மணம் போட்டு உட்கார்ந்து மெல்லிய குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடலையா?"

"பசிக்கல டீச்சர்."

"இங்கதான் படிக்கணுமா?"

"இங்கன உக்காந்தாத்தான் மறக்காம வருது."

சூடாமணி பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசாமல் இருப்பது சூடாமணிக்குக் கைவந்த காரியம். கடைசியில் அந்தப் பெண்தான் பேசினாள். தனக்குக் கொஞ்சம் அர்த்தம் தெரியும் என்றாள். பாய் என்றால் பையன். வெல் என்றால் கிணறு. அதற்கு மேல், பாத்திரம் வருகிற வரியெல்லாம் விளங்கவில்லை.

"ஐ சென்ட்னா நான் அனுப்புனேன். சாருக்குத் தெரிஞ்சிருக்கு டீச்சர். யாரு முன்னாடியும் என்னைய ஏசல. கேள்வி கேக்கல. நான் செஞ்சத அப்படியே எழுதிப் போட்டுட்டாரு."

சூடாமணி அவள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரையும் சொல்ல வச்சாரு. எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது கொஞ்சம் லேசா இருக்கு. பரீட்சையில எழுதிட்டா முடிஞ்சிரும்."

"என்ன முடியும்?"

மாயக்காள் ஒரு கல்லை எடுத்து முள்ளுக்கு மேலாகக் கிணற்றுக்குள் போட்டாள். சத்தம் வரும்வரை சூடாமணி பழக்கத்தில் எண்ணினாள். ஒன்றரை விநாடி. முப்பத்தாறு அடி. மனம் தானாகக் கணக்குப் போட்டு முடித்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்ற கணக்கும் கூடவே வந்து நின்றது.

துளசிராம் சார் பாவம் பார்த்து எழுதியிருக்கலாம். அல்லது அது வெறும் காம்போசிஷனாக இருக்கலாம். ஒரு அளவை வைத்துக்கொண்டு முடிவு சொல்லக் கூடாது என்றுதான் அவளுக்குப் பழக்கியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை துளசிராம் சார் வீட்டுக்குப் போனாள். பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்று கேட்க வந்ததாகச் சொன்னாள். அவர் ஈஸிசேரில் கண்ணை மூடிக் கிடந்தார். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். நரம்புத் தளர்ச்சி என்று டாக்டர் சொன்னாராம். அவர் மனைவி ராதாமணி காபி ஆற்றிக்கொண்டே, ராத்திரி தூங்குவதில்லை, ஆடி மாதத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோவதில்லை, வெறும் வயிற்றோடு போய்விட்டு வெறும் வயிற்றோடு வருகிறார் என்று சௌராஷ்டிர பாஷையில் சொல்கிற எல்லா வசைகளையும் சேர்த்துச் சொன்னாள்.

சமையல்கட்டு அலமாரியில் கேரியர் இருந்தது. மூன்று அடுக்குக்கான கம்பிச் சட்டம். அதில் இரண்டு அடுக்குதான். மூன்றாவது இருக்க வேண்டிய இடம் காலி.

சூடாமணி அதையே பார்ப்பதை ராதாமணி கவனித்தாள். "ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டு வந்தார். என் அம்மா வீட்டுச் சாமான். வேறு வாங்கலாம் என்றால் விடமாட்டேன் என்கிறார். இதைத் தூக்கிப் போடவும் விடமாட்டேன் என்கிறார்."

காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். கூடத்துக்கு வந்து, தரையைப் பார்த்தபடி கேட்டாள், அந்த விபத்துக் காம்போசிஷன் எந்தக் கைடில் இருக்கிறது என்று.

துளசிராம் சார் கண்ணைத் திறந்தார். "கைடில் இல்லை. நானே எழுதினேன்."

"அதில் வருகிற 'நான்'..."

"காம்போசிஷனில் வருகிற 'நான்' யாரும் இல்லையம்மா. உனக்குத் தெரியாதா?" சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பிறகு, "கடைசி வரிவரை சொல்கிறார்களா?" என்று கேட்டார்.

"சொல்கிறார்கள்."

"எல்லாரும்?"

"மாயக்காள்தான் சொல்லிக் கொடுக்கிறாள்."

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவள் எழுந்து வந்துவிட்டாள். வழியில் அவளுக்கு விளங்கியது: இவர் இதை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, யாருக்கும் புரியக் கூடாது என்றும் இருந்தது. இரண்டுக்கும் பொருத்தமான இடம் பதினோராம் வகுப்பு இங்கிலீஷ் இரண்டாம் தாள். அப்புறம் அதுவும் தாங்காமல், கவனமாகப் படிக்கிற ஆளைத் தேடி இரண்டு தெரு நடந்து வந்திருக்கிறார்.

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். அப்பா தறியில் பாவு நூலைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் நம் மனுஷர், வேலை கொடுத்தவர், செத்த பிள்ளை வரப்போவதில்லை, பத்தொன்பது நாளை முடித்துக்கொண்டு வா என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவளுக்கு எதிர்த்துப் பேசவும் வாய் வரவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் அவள் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்குவாள். காட்டின் மேல் அந்தச் சத்தம் வரும். முப்பத்தெட்டு வாய், நான் அனுப்பினேன் என்று சொல்லும். நான் யாரையும் கூப்பிடவில்லை என்று சொல்லும். கேட்டில் ஒச்சாயி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த இடத்தைக் கடக்கும்போது சூடாமணி தலையைக் குனிந்துகொள்வாள். தானும் யாரையும் கூப்பிடாத ஒருத்தி என்று தோன்றும். மத்தியானம் கிணற்றடிக்குப் போய் மாயக்காளோடு உட்காருவாள். தன் டப்பாவிலிருந்து பாதியை மூடியில் வைத்து நீட்டுவாள். பாத்திரத்தைக் கண்டதும் அந்தப் பெண் தலையை ஆட்டிவிடுவாள். அனுப்பியது நீ இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லச் சூடாமணி நினைப்பாள். சொன்னால் இவள் ஒருத்தி நம்புவாளோ என்னவோ. இவள் அப்பன் நம்புவானா, ஆத்தா நம்புவாளா? டீச்சர் ஆறுதலுக்குச் சொன்னது என்று போய்விடும்.

பதினாறாம் நாள் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். மேஜைக்கு முன்னால் நின்றாள். வெள்ளைத்துரை ஏதோ ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"என்னம்மா, சாக்பீஸா?"

"ஆமா சார்" என்றாள். ஒரு பெட்டி சாக்பீஸோடு திரும்பி வந்தாள்.

அந்தச் சாக்பீஸ்தான் கடைசி நாள் உதவியது.

மார்ச் முதல் தேதி, வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட். திங்கட்கிழமை துளசிராம் சார் வருகிறார். பிள்ளைகள் ஒப்பிக்கத் தயாராக எழுந்தார்கள். சூடாமணி உட்காரச் சொல்லிக் கைகாட்டினாள். பிறகு கரும்பலகையில் முதல் வரியை எழுதி, அதன் கீழே 'தமிழில்' என்று எழுதி நல்லகாமனிடம் சாக்பீஸை நீட்டினாள். பேச வேண்டியிருக்கவில்லை.

நல்லகாமன் காதைச் சொறிந்தான். "அன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்று எழுதினான். பின் பெஞ்சில் யாரோ, இன்னைக்கும்தாண்டா மாப்ள என்றார்கள். சிரிப்பு எழுந்தது.

இரண்டாம் வரி. அதற்கு ஒரு பெண் வந்தாள். மூன்றாம் வரிக்குப் பின் பெஞ்சுப் பேயாண்டி வந்து, 'பாய்' என்ற சொல்லில் நின்று, பையன் என்று போட்டான். கிணறு என்று எழுதிவிட்டு அவன் கை நின்றது. எழுதியதைத் திரும்பப் படித்தான். சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் இடத்துக்குப் போனான்.

அதற்கப்புறம் சிரிப்பு இல்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். தெரியாத சொல்லுக்குச் சூடாமணி ஓரத்தில் தமிழ் எழுதிக் கொடுத்தாள். இரண்டு மாதமாக வாயில் போட்டு உருட்டியது எது என்று அப்போதுதான் அந்தப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். படியில் ரெண்டு பாத்திரம் இருந்துச்சு. தண்ணி ஆடாம இருந்துச்சு. நான் பாத்திரத்த எடுத்துக்கிட்டேன். எழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாயக்காள் பாத்திரம் என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றி சுருங்கியது. தான் செய்ததில் பாத்திரம் எங்கே வந்தது என்று தேடுகிற முகம்.

கடைசி வரியும் முடிந்தது. மணி அடிச்சது. நான் கிளாசுக்குப் போயிட்டேன்.

நல்லகாமன் எழுந்தான். முதல் முறையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"டீச்சர், இதுல இந்த 'நான்' யாரு?"

மூன்றாம் பெஞ்சில் மாயக்காள் மெதுவாக எழுந்துகொண்டிருந்தாள். அவள் உதடு திறந்தது. என்ன சொல்லப் போகிறாள் என்பது சூடாமணிக்குத் தெரியும். இரண்டு மாதமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சூடாமணி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே கேட்டில் ஒச்சாயி மிச்சக் கிழங்கைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். பாட்டுச் சத்தம் வராததால் நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தாள். பத்தடி. சூடாமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை நிறைய இழுத்தாள். தன் குரல் தனக்கே அந்நியமாக, அறையைத் தாண்டி, வெளியே கேட்டில் போய் விழும்படி சொன்னாள்.

"வீரணனைக் கிணத்துக்கு அனுப்புனது மாயக்கா இல்ல. துளசிராம் சார் அனுப்புனாரு. அவரு சாப்பிட்ட கேரியரக் கழுவிட்டு வரச் சொல்லி, துளசிராம் சார்தான் அனுப்புனாரு."